ஜிப்பா போட்ட வாழ்த்து

சிங்கப்பூரின் பஃபலோ சாலையில், தேக்கா நிலையத்தை ஒட்டி நிற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் ஓரத்தில் இடுப்பளவு வேலிக்கம்பி ஒன்று ஓடுகிறது. அதன் அருகே இரண்டு பேர் குந்தியிருக்கிறார்கள். ஒருவர் வாயில் நாலைந்து கேபிள் டை. இன்னொருவர் பதாகையின் மறுமுனையை ஈரத்தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருக்கிறார். முன்பு கட்டியது மழையில் கிழிந்துபோனதால் இது மாற்று. 2025ஆம் ஆண்டுத் தீபாவளி திங்கட்கிழமை. சனிக்கிழமை மதியத்திலேயே தெருவில் கால் வைக்க இடமில்லை.

"இழுத்துப் புடிடா, மூஞ்சி மடங்குதுல்ல."

அறந்தாங்கிப் பக்கத்துப் பேச்சு. மடங்குவது வட்டார நாடாளுமன்ற உறுப்பினரின் மூஞ்சி. சீனர். சரிகை போட்ட கருநீல ஜிப்பாவில் கைகூப்பிச் சிரிக்கிறார். பக்கத்தில் நான்கு மொழிகளில் வாழ்த்து. கீழே கோலம், ஓரத்தில் மயில், மூலைக்கு ஒன்றாக அகல்விளக்கு. கட்டுகிறவரின் கண் தமிழ் வரியில் ஒரு நொடி நிற்கிறது, நகர்கிறது. தன் பண்டிகைக்குத் தனக்கும் சேர்த்து வந்த வாழ்த்தைத் தன் கையாலேயே கட்டிவிட்டு, மிச்சமிருக்கும் கேபிள் டைகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு அடுத்த வேலிக்குப் போகிறார். அவருக்குத் திங்கட்கிழமை விடுமுறையா, இரட்டைச் சம்பளமா என்பது அவருடைய முதலாளிக்குத்தான் தெரியும்.

அந்த உறுப்பினர் யார் என்பது முக்கியமில்லை. எந்தத் தொகுதிக்குப் போனாலும் இதே படம்தான். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புச் சட்டை, நோன்புப் பெருநாளுக்கு மலாய் பாஜு, தீபாவளிக்கு ஜிப்பா, கிறிஸ்துமசுக்கு மறுபடி சிவப்பு. பத்துத் தலை ராவணனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே தலை ஒன்றுதான், சட்டைதான் மாறுகிறது. எதிர்க்கட்சி வென்ற அல்ஜுனீட், ஹவ்காங், செங்காங் பக்கம் போனால் ஒரே பண்டிகைக்கு இரண்டு தலை வாழ்த்தும். ஒன்று மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினருடையது, மற்றது மக்கள் கழகத்தின் அடித்தள ஆலோசகராக இருக்கும் ஆளுங்கட்சிக்காரருடையது. அந்த வட்டாரத்துக் குடியிருப்பாளர்களுக்கு வாழ்த்துப் பஞ்சமே கிடையாது.

ஆண்டு முழுக்க இந்தப் பதாகைகளைப் பார்த்துவரும் எனக்கு ஒரு சிறு பழக்கம் உண்டு. அதில் சாமி எங்கே என்று தேடுவேன். தீபாவளிப் பதாகையில் விளக்கு இருக்கும், லட்சுமியைப் பார்த்த நினைவில்லை. பெருநாள் பதாகையில் கெத்துப்பாட் சோற்றுப் பொதியும் பிறையும் இருக்கும். கிறிஸ்துமசுக்கு மரமும் மணியும், விசாக தினத்துக்குத் தாமரை. மாட்டுத்தொழுவத்தில் பிறந்த குழந்தையும் போதி மரத்தடியில் அமர்ந்தவரும் வேலிக்கம்பிக்கு வருவதில்லை. அவரவர் கோயிலிலும் தேவாலயத்திலும் விகாரையிலும் இருக்கிறார்கள், நடந்துபோனால் பார்க்கலாம். இதே வட்டாரத்தில் வீரமாகாளியம்மனும் சீனிவாசப் பெருமாளும் சிராங்கூன் சாலையில். அங்கூலியா பள்ளிவாசலும் அதே சாலையில். டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், ரேஸ் கோர்ஸ் சாலையில் ஆயிரம் விளக்குப் புத்தர், அவருக்கு எதிர்ப்புறம் லியோங் சான் சீ, ஓஃபிர் சாலையில் லூர்து மாதா. சிறிது நேர நடைக்குள் இத்தனை சன்னிதி இருக்கும் இடத்தில், தலைவர்களின் வாழ்த்து மட்டும் எல்லா வாசலையும் தொட்டுவிட்டு எதற்குள்ளும் போகாமல் நடுத்தெருவில் நிற்கிறது.

பேச்சிலும் அப்படித்தான். சிராங்கூன் சாலையில் ஒளியூட்டுத் தொடக்க விழா நடக்கும் மாலைகளில் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன். மேடையில் அதிபரோ அமைச்சரோ. லிட்டில் இந்தியா வர்த்தகர்களின் லிஷா அமைப்பினர் வரவேற்றதும் உரை தொடங்கும். முதலில் இருளை ஒளி வெல்வது. பிறகு குடும்பம், மூத்தோர், அக்கம்பக்கத்தார். பிறகு சீனரும் மலாய்க்காரரும் இங்கே வந்து முறுக்கு வாங்குவது, இதுதான் சிங்கப்பூர் என்பது. கடைசியில் பண்டிகை நாளிலும் வேலை பார்க்கும் பேருந்து ஓட்டுநர், தாதியர், காவலர்களுக்கு நன்றி. நரகாசுரன் வரமாட்டான். கிருஷ்ணனும் சத்யபாமாவும் வரமாட்டார்கள். ராமன் அயோத்தி திரும்பியதும் கிடையாது. ஒரு வகையில் அது நியாயமும்கூட. தீபாவளிக்குத் தமிழர் சொல்லும் கதை வேறு, வடக்கத்தியர் சொல்வது வேறு. சமணருக்கு அது மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள். எந்தக் கதையைச் சொன்னாலும் கூட்டத்தில் ஒரு மூலை முகம் சுளிக்கும். ஒளி என்றால் யாரும் சுளிப்பதில்லை. பொத்தானை அழுத்தியதும் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிய, எல்லாக் கையும் கைப்பேசியோடு மேலே போகிறது. உரை அப்போதே மறந்துபோகிறது.

சீனப் புத்தாண்டின் கதை வேறு. அன்று பிரதமர் விரிவான செய்தியே விடுப்பார். குடும்பம் ஒன்றுகூடிச் சாப்பிடும் இரவு என்பதால் பேச்சு தானாகக் குழந்தைப்பேற்றில் போய் நிற்கும். 2024 பிப்ரவரியில் டிராகன் ஆண்டு பிறந்தபோது, குடும்பத்தில் ஒரு குட்டி டிராகனைச் சேர்த்துக்கொள்ள இது நல்ல தருணம் என்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் இளம் தம்பதியருக்குச் சொன்னார். அவரே 1952இல், டிராகன் ஆண்டில் பிறந்தவர். முந்தைய ஆண்டின் மொத்தக் கருவள விகிதம் 0.97 என்று அந்த மாதமே அறிவிப்பு வந்தது. முதன்முறையாக ஒன்றுக்குக் கீழே. டிராகன் ஆண்டில் பிள்ளை பெற்றால் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கைதானே, அது மட்டும் எப்படிப் பிரதமரின் செய்திக்குள் நுழைந்தது என்று நான் யோசித்ததுண்டு. டிராகனுக்கென்று ஒரு மறைநூலோ குருமாரோ கிடையாது. என் டிராகன்தான் உண்மை, உன்னுடையது பொய் என்று யாரும் ஊர்வலம் போனதில்லை. அதனால் உள்ளே விட்டார்கள்.

ஊர்வலம் என்றதும் இந்த ஊருக்கு நினைவு வரும் தேதி ஒன்று இருக்கிறது. அதை அன்று ஒரு பெரியவர் வாயிலிருந்தே கேட்டேன்.

தேக்கா அங்காடி நிலையத்தின் உள்ளே, ஆட்டுக்கறிச் சூப்புக் கடைக்கு முன்னால் இருக்கும் மேசையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைத் தொப்பி, அரைக்கைச் சட்டை, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை. முன்னால் தே தாரிக், தமிழ் முரசு. கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பம் என்பது பேச்சில் தெரிகிறது. வேறு இடமில்லாமல் எதிர்நாற்காலியில் வந்து உட்கார்ந்த இளைஞனின் கழுத்தில் சாங்கி பிசினஸ் பார்க் நிறுவனம் ஒன்றின் அட்டை. சனிக்கிழமையும் அட்டையைக் கழற்றவில்லை. சென்னைப் பையன். கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவன் தானாகச் சிரிக்கிறான்.

"என்னா தம்பி?"

"ஒண்ணுமில்ல பாய். எங்க ஊர்ல வருசா வருசம் நடக்குற கூத்து. சி.எம். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லமாட்டாரு. ஏன் சொல்லலன்னு பிஜேபி கேப்பாங்க. இந்த வருசமும் ஆரம்பிச்சிட்டாங்க."

"ரம்ஜானுக்குச் சொல்வாரா?"

"சொல்வாரு. கிறிஸ்மசுக்கும் சொல்வாரு. அதான் சண்டையே."

பெரியவர் தேநீரை ஒரு மிடறு குடிக்கிறார். "இங்க எல்லாத்துக்கும் சொல்வாங்க," என்கிறார். "ஆனா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

பையனுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. பக்கத்து மேசையில் எனக்குப் புரிந்தது.

தமிழ்நாட்டில் வாழ்த்து என்பது கொள்கை அறிக்கை. 2021இல் முதல்வரான மு.க. ஸ்டாலின் தீபாவளிக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் வாழ்த்துச் சொல்லாததும், அ.தி.மு.க.வின் எடப்பாடி பழனிசாமி சொல்வதும், பாரதிய ஜனதா அதைக் கணக்கில் எழுதி வைப்பதும் ஆண்டுச் சடங்காகிவிட்டன. பெரியாரின் பள்ளியிலிருந்து வந்த ஸ்டாலினின் கட்சிக்குப் பொங்கல்தான் பண்டிகை. நரகாசுரன் வதம் அல்ல. புத்தாண்டு நாளைக்கூட அங்கே ஆட்சி மாறினால் மாற்றலாம். 2008இல் கருணாநிதி சட்டம் போட்டு அதைத் தை முதல் நாளுக்குக் கொண்டுபோனார். 2011இல் ஜெயலலிதா திரும்பச் சித்திரைக்கே கொண்டுவந்தார். அங்கே வாழ்த்தைச் சொன்னாலும் அர்த்தம், சொல்லாவிட்டால் இன்னும் பெரிய அர்த்தம். நாத்திகத் தலைவர் வாழ்த்தாமல் இருப்பது நேர்மை என்று எனக்குத் தோன்றும். ஆனால் நம்பிக்கை இல்லாத எல்லாப் பண்டிகைக்கும் அந்த நேர்மை ஒரே மாதிரி நீள வேண்டாமா என்ற கேள்விக்கு, சிறுபான்மையினருக்கு வாழ்த்து ஓர் ஆதரவுக் கை என்பதைத் தாண்டிப் பதில் கேட்டதில்லை. அந்தப் பதில் பாதி சரி.

இந்த விவகாரம் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார், 1954இல் மறுபடி வந்தார். அவர் முதல்முறை வந்துபோன சூட்டில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது, 1935இல் தமிழ் முரசு பிறந்தது. இரண்டுக்கும் கைகொடுத்தவர் திருவாரூர்க்காரரான கோ. சாரங்கபாணி. ஆனால் அவர் தீபாவளியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றுவிடவில்லை. இந்துத் தமிழருக்குத் தீபாவளி, முஸ்லிம் தமிழருக்குப் பெருநாள், கிறிஸ்துவத் தமிழருக்குக் கிறிஸ்துமஸ் என்று பிரிந்து கிடப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு நாள் வேண்டும் என்று பார்த்தார். பொங்கலை எடுத்துத் தமிழர் திருநாள் ஆக்கினார். 1952இல் தொடங்கியது அது. கவிதைப் போட்டி, பேச்சு, நாடகம். எந்தச் சாமியும் இல்லை, எந்தச் சாமிக்கும் திட்டும் இல்லை. இன்று மேடையில் அமைச்சர் பேசும் 'எல்லாரும் கலந்துகொள்ளும் பண்டிகை' என்ற வாசகத்தை, சுதந்திர சிங்கப்பூர் பிறப்பதற்கு 13 ஆண்டுகள் முன்பே ஒரு தமிழ்ப் பத்திரிகையாசிரியர் நடத்திக் காட்டியிருக்கிறார். அந்த மேசையில் கிடக்கும் முரசு அவர் நடத்தியதுதான். பெரியவர் அதில் ஆட்டுக்கறி விலை விளம்பரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"உங்க ஊர்ல அடிச்சுக்க முடியுது, அடிச்சுக்கிறீங்க," என்கிறார் பத்திரிகையிலிருந்து தலை தூக்காமல். "இங்க ஒருக்கா அடிச்சுக்கிட்டாங்க. போதும்னு ஆயிருச்சு."

"எப்போ பாய்?"

"அறுபத்து நாலு. மீலாது ஊர்வலத்துல. நான் சின்னப் பையன். ஊரடங்கு போட்டாங்க. எங்கத்தா கடைக்குப் போனவரு ரெண்டு நாளா வீட்டுக்கு வரல." அவ்வளவுதான் சொல்கிறார். அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்.

1964 ஜூலை 21. நபிகள் நாயகத்தின் பிறந்த நாள். பாடாங் திடலிலிருந்து கேலாங் நோக்கிப் போன ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் இன்னொரு கலவரம், இன்னும் 13 உயிர். அதற்கு முந்தைய தலைமுறை 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் வழக்கை ஒட்டிய கலவரத்தில் 18 பேரை இழந்திருந்தது. அதுவும் ஒரு சிறுமி எந்த மதத்துப் பிள்ளை என்ற கேள்விதான். 1966இல் தேசிய உறுதிமொழியின் முதல் வடிவத்தை எழுதியவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம். இன, மொழி, மத வேற்றுமை பாராமல் என்ற வரி அதில் உட்கார்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றும் காலையில் நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறார்கள். அரசியல்வாதியின் வாழ்த்து அந்த வரியின் நிழலில்தான் எழுதப்படுகிறது என்று நினைக்கிறேன். ஜூலை 21ஐயும் இந்த ஊர் தூக்கிப்போடவில்லை. பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக்கி, பிள்ளைகளை ஒருவர் உடையை இன்னொருவர் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறது. வேலியில் தொங்கும் ஜிப்பாவின் தையல் அந்த வகுப்பறையிலேயே தொடங்கியிருக்கலாம்.

விடுமுறைகளையும் பேரம் பேசித்தான் வைத்தார்கள். 1968இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போகும் செய்தி வந்து, வேலை நாள் கூட வேண்டும் என்ற நெருக்கடி. சமய அமைப்புகளைக் கூப்பிட்டு எதை விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். முஸ்லிம்கள் நபிகள் பிறந்த நாளையும் நோன்புப் பெருநாளின் கூடுதல் நாளையும் விட்டுக்கொடுத்தார்கள். கிறிஸ்துவர்கள் ஈஸ்டர் சனியையும் திங்களையும், கிறிஸ்துமசுக்கு மறுநாளையும் விட்டார்கள். தைப்பூசமா தீபாவளியா என்று இந்துக்களைக் கேட்டபோது தீபாவளி என்றார்கள். மொத்தம் 11 நாள் என்று இன்றுவரை நிற்கிறது. பலமும் பலவீனமும் பார்த்தால் இது ஒரு குடும்பத்தில் பாகப்பிரிவினை செய்த மாதிரி: யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, யாரும் வழக்குக்கும் போகவில்லை. தைப்பூசத்துக்கு விடுமுறை கேட்கும் குரல் மட்டும் அவ்வப்போது எழும். 2015 தைப்பூசத்தில் மேளம் தொடர்பாக மூன்று பேர் கைதான பிறகு அது பலமாக எழுந்தது. மனிதவள அமைச்சு இந்தப் பழைய கணக்கை எடுத்துச் சொல்லி, ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று நிறுத்திக்கொண்டது.

இதற்குமேல் 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம். மதத்தைச் சொல்லி அரசியல் செய்கிறவருக்கு வாய்ப்பூட்டு ஆணை போடலாம். 2025 ஏப்ரலில், தேர்தல் பிரசாரத்தின் நடுவே, பிரதமர் லாரன்ஸ் வோங் செய்தியாளர்களைக் கூட்டி மதத்தையும் அரசியலையும் கலக்காதீர்கள் என்றார். மலேசிய அரசியல்வாதிகள் சிலர் இங்கேயுள்ள மலாய் வாக்காளர்களைக் குறிவைத்துப் போட்ட பதிவுகளை முடக்க உத்தரவு போனது. வாழ்த்துப் பதாகையில் சாமி இல்லாததற்கும் இதற்கும் ஒரே வேர்தான்.

வேறு ஊர்களில் இப்படி இல்லை. 1932 கிறிஸ்துமஸ் அன்று ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் பேசத் தொடங்கிய மரபு இன்றும் லண்டனில் தொடர்கிறது. அரசர் திருச்சபையின் தலைவருமாகையால் கிறிஸ்துவைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசலாம். எலிசபெத் அரசி தம் கடைசி இருபது ஆண்டுகளில் முன்னைவிட அதிகமாகவே பேசினார். இலங்கையில் அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு பௌத்தத்துக்கு முதலிடம் தருகிறது. வெசாக் நாளில் அதிபரின் செய்தி புத்தரின் போதனையையே எடுத்து நடத்தும். அதே அதிபரிடமிருந்து தைப்பொங்கலுக்கும் செய்தி வரும், நல்லிணக்கம் என்ற சொல்லோடு. யாழ்ப்பாணத்தில் அதைப் படிக்கிறவர் எந்த முகத்தோடு படிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் வெள்ளை மாளிகைத் தீபாவளி 2003இல் தொடங்கியது. ஒபாமா 2009இல் தாமே விளக்கேற்றினார். அங்கே நம்மாட்கள் பூரித்த பூரிப்பைப் பார்த்தபோது, எத்தனை பெரிய தலைவர் வாழ்த்துகிறார் என்பதை வைத்து நம் பண்டிகையின் உயரத்தை அளக்கத் தொடங்கிவிட்டோமோ என்று எனக்குச் சற்றுக் கசந்தது.

சிங்கப்பூரில் சாமியைப் பற்றிப் பேசவே ஆளில்லை என்று நினைக்க வேண்டாம். வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய மாலை, நாட்காட்டியில் தேதி முன்பே அச்சாகியிருந்தாலும், முஃப்தி தொலைக்காட்சியில் தோன்றி நாளை பெருநாள் என்று அறிவிப்பார். இறைவனின் பெயர் அவர் வாயில் வரும். அமைச்சர் அன்று உணவு, உறவு, ஒற்றுமை பேசுவார். பேராயர் கிறிஸ்துமஸ் செய்தியில் மீட்பரைப் பற்றி எழுதுவார்; பிரதமர் தம் பக்கத்தில் குடும்பத்தோடு இளைப்பாறுங்கள் என்பார். யார் எந்தச் சொல்லைத் தொடலாம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் யாரும் தடுக்கி விழுவதில்லை.

தடுக்கியது ஒருமுறை கடைத்தெரு. 2018இல் ஆர்ச்சர்ட் சாலையின் கிறிஸ்துமஸ் விளக்குகள் டிஸ்னி மயமாக வந்தன. மிக்கி மவுஸ், பனி ராணி. கர்த்தர் பிறந்த நாளில் கர்த்தரைக் காணோமே என்று சிங்கப்பூர் தேசிய தேவாலய மன்றம் சுற்றுலாக் கழகத்துக்கு எழுதியது. எல்லாருக்கும் பொதுவாக்குகிறோம் என்று தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் எலி மிஞ்சினால் கோபம் வராதா? அவர்கள் எழுதியது சரி என்றே நினைக்கிறேன். அதே கேள்வியைச் சிராங்கூன் சாலை மயிலையும் யானையையும் பார்த்து நாம் உரக்கக் கேட்டதில்லை. அந்த மயில் முருகனுடையது என்று தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவருக்கு அழகான பறவை. அந்த இரட்டை வசதி மிக்கிக்குக் கிடையாது.

இந்த வாழ்த்துகளில் உப்பில்லை என்று பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். பண்டிகையை உடையும் தின்பண்டமுமாகச் சுருக்கிவிட்டார்கள், முறுக்கு தின்றால் நல்லிணக்கம் வந்துவிடுமா என்பார்கள். வராதுதான். ஆனாலும் தலைவர் ஒருவர் என் சாமியை மேடையில் புகழத் தொடங்கினால் நான் முதலில் பார்ப்பது வாசல் எந்தப் பக்கம் என்றுதான். இன்றைக்கு என் சாமியைப் புகழ்கிறவர் நாளைக்கு அடுத்தவர் சாமியைப் பற்றியும் ஒரு கருத்து வைத்திருப்பார். 2020 கணக்கெடுப்பில் இந்துக்கள் நூற்றுக்கு ஐந்து பேர். மதமே இல்லை என்றவர்கள் இருபது பேர். இப்படிப்பட்ட இடத்தில் உப்புக் குறைந்த வாழ்த்து எனக்குச் சம்மதம்.

சொல்லில் வராதது காலில் வருவதுண்டு. விடுமுறை இல்லாத தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி நடக்கும்போது அமைச்சர்கள் வருகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு, பால்குடம் தூக்கிவரும் பெண்ணுக்கு ஒதுங்கி வழிவிட்டு நிற்கிறார்கள். தீபாவளிக்குச் சில நாள் முன்னால் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி. பக்தர் ஓடிவரும் குழியின் ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் பிரமுகர்கள் நிற்பார்கள், முகத்தில் அனல் அடிக்கும். அங்கே உரை கிடையாது. புகைப்படம் உண்டு, அது வேறு விஷயம். அலகு குத்தியவன் முன்னால் நின்று இருளை ஒளி வெல்லும் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

மணி நான்கு இருக்கும். அங்காடி நிலையத்தின் வாசல் பக்கம் சலசலப்பு. ஒரே நிற டி-சட்டை போட்ட தொண்டர்கள் நாலைந்து பேர், ஒரு பெண்ணின் கையில் காகிதப் பை நிறைய லட்டுப் பொட்டலம், ஒரு பையன் கையில் கேமரா. நடுவே பதாகையில் பார்த்த அதே முகம். ஜிப்பா இல்லை, வியர்வையில் நனைந்த சாதாரணச் சட்டை. மேசை மேசையாக வருகிறார். "ஹேப்பி தீபாவளி, ஹேப்பி தீபாவளி." சூப்புக் கடைக்காரர் கரண்டியோடு கை குலுக்குகிறார். சீனக் கிழவி ஒருத்தி ஹொக்கியனில் ஏதோ அதட்டுகிறாள், அவர் சிரித்துக்கொண்டே குனிந்து கேட்கிறார்.

பெரியவரின் மேசைக்கு வந்துவிட்டார். தொப்பியைப் பார்த்தாரா, தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்தாரா தெரியாது. இந்தியருக்குள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் முஸ்லிம் என்று கணக்கெடுப்பு சொல்கிறது. கைகுலுக்கும் அவசரத்தில் கணக்கு ஞாபகம் வராது. "ஹேப்பி தீபாவளி, அங்கிள்!" என்கிறார். லட்டு மேசைக்கு வருகிறது.

சென்னைப் பையன் பெரியவரைப் பார்க்கிறான். இவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவனுக்கு ஆவல், எனக்கும்தான். தொண்டர்களில் ஒரு தமிழ்ப் பெண் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உறுப்பினரின் முழங்கையை லேசாகத் தொடுகிறாள்.

பெரியவர் எழுந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"சேம் டு யூ, சேம் டு யூ. தேங்க் யூ. சார், எங்க புளோக்குல லிஃப்டு நாலாவது மாடியில நிக்கிறப்போ ஒரு சாண் கீழ நிக்குது. என் சம்சாரத்துக்கு முட்டி ஆபரேசன் ஆயிருக்கு. ரெண்டு தரம் டவுன் கவுன்சிலுக்கு போன் போட்டாச்சு."

உறுப்பினர் பக்கத்திலிருந்த பெண்ணைத் திரும்பிப் பார்க்க, அவள் லட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறாள்.

"புளோக் நம்பர், அங்கிள்?"

பெரியவர் சொல்கிறார். லட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைச் சென்னைப் பையனிடம் நீட்டிக்கொண்டே மாடி எண்ணையும் சொல்கிறார்.